ஜூலை ஒன்றிலிருந்து பின்னோக்கி: அமெரிக்க ரெசிடென்சிக்குக் கிளம்பும் இளம் மருத்துவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இளம் மருத்துவர்கள் என்னிடம் முதலில் கேட்பது மதிப்பெண்ணைப் பற்றித்தான். "ஸ்டெப் 2-இல் எவ்வளவு எடுத்தால் போதும் சார்?" அமெரிக்க மருத்துவமனையில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்டுகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பல பருவங்கள் உட்கார்ந்தவன் நான். நல்ல மதிப்பெண் இருந்தும் ஒதுக்க வேண்டிவந்த கோப்புகளில் இரண்டு குறைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒன்று, ஏதாவது ஒரு முக்கியமான தாள் பிந்தி வந்திருக்கும். மற்றொன்று, முழுவதையும் படித்து முடித்த பிறகும் இந்த மருத்துவர் எந்த வார்டில் நின்றார், எப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்தார் என்பது தெரியாது. இந்த இரண்டையும் நீங்கள் தவிர்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

1. நாட்காட்டியைக் கடைசியிலிருந்து படியுங்கள்.

ரெசிடென்சி ஜூலை 1-இல் தொடங்கும். மேட்ச் என்ற கணினிவழி இட ஒதுக்கீட்டின் முடிவு மார்ச் மூன்றாம் வாரத்து வெள்ளிக்கிழமை. நீங்கள் விரும்பும் புரோகிராம்களின் வரிசைப் பட்டியலை உறுதிசெய்ய வேண்டியது பிப்ரவரி கடைசியில் அல்லது மார்ச் முதல் நாட்களில். நேர்காணல்கள் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. ஈராஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தில் உங்கள் கோப்பைப் புரோகிராம்கள் திறப்பது செப்டம்பர் கடைசி வாரத்தில்.

ஆக, 2028 ஜூலையில் வேலையில் சேர நினைப்பவர் 2027 செப்டம்பரில் முழுக் கோப்போடு நிற்க வேண்டும். ஸ்டெப் 2 சிகே தேர்வை ஜூன், ஜூலைக்குள் எழுதி மதிப்பெண் கைக்கு வந்திருக்க வேண்டும். அமெரிக்க மருத்துவமனையில் அனுபவம் பெறும் மாதங்கள் அந்த ஆண்டின் முற்பாதியில் முடிந்திருக்க வேண்டும். ஸ்டெப் 1 அதற்கு முந்தைய ஆண்டிலேயே.

கோப்பு திறக்கும் முதல் நாட்களிலேயே வடிகட்டும் வேலை தொடங்கிவிடுகிறது. ஒரு புரோகிராமுக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் வருகின்றன; நவம்பரில் வந்து சேரும் மதிப்பெண்ணுக்காக மூடிய கோப்பை மறுபடி திறக்க யாருக்கும் நேரமில்லை. தயாராக இல்லையென்றால் அந்தப் பருவத்தை விட்டுவிடுங்கள். அரைகுறையாகப் போட்டால் பணமும் போகும், அடுத்த முறை அதே புரோகிராமில் உங்களை ஒருமுறை தள்ளியவர்களே மீண்டும் படிப்பார்கள்.

2. முதல் காரியமாகப் பெயரைச் சரிசெய்யுங்கள்.

நம் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல் இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், எம்பிபிஎஸ் பட்டத்தில் இனிஷியல் இடம் மாறி ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை முழுதாக விரித்து ஒரு பெயர். சிலருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாகவே இருக்கும். அப்படிப்பட்டவருக்கு அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்ற மூன்று எழுத்துகள் அச்சாகிவிடும். அதைப் பிறகு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். தேர்வு மையத்திலும் அனுமதிச் சீட்டில் உள்ள பெயரும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்.

வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளின் சான்றுகளை 1956 முதல் சரிபார்த்துவரும் இசிஎஃப்எம்ஜி அமைப்பு பிலடெல்பியாவில் இருக்கிறது. அதில் கணக்குத் தொடங்கும் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திவிடுங்கள். ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் ஒரு விடுமுறை நாளை இதற்கென்று ஒதுக்கினால் போதும்.

3. தேர்வை எளிதென்று எண்ணாதீர்கள், ஆனால் அதையே வாழ்க்கையாகவும் ஆக்காதீர்கள்.

ஸ்டெப் 1-க்கு 2022 ஜனவரி 26 முதல் மதிப்பெண் கிடையாது. தேர்ச்சி அல்லது தோல்வி மட்டும். அதனால் பலர் அவசரப்பட்டு எழுதிவிடுகிறார்கள். தோல்வி உங்கள் பதிவில் நிலைத்திருக்கும், அடுத்த முறை தேறினாலும் அழியாது. எந்த ஸ்டெப்பையும் நான்கு முறைக்கு மேல் எழுத முடியாது. முதல் தேர்வில் தேறிய நாளிலிருந்து ஏழு ஆண்டுகளுக்குள் சான்றிதழுக்கான தேர்வுகள் முடிந்திருக்க வேண்டும். என்பிஎம்இ நடத்தும் மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகே தேர்வறைக்குப் போங்கள். இரண்டுமே ஒருநாள் தேர்வுகள், சென்னையிலேயே எழுதலாம். ஸ்டெப் 1 எட்டு மணி நேரம், ஸ்டெப் 2 சிகே ஒன்பது மணி நேரம். அவ்வளவு நேரம் உட்கார்ந்து யோசிக்கும் பழக்கத்தை வீட்டிலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

இப்போது எண்ணாகத் தெரிவது ஸ்டெப் 2 சிகே மதிப்பெண்தான். யூவேர்ல்ட் வினாத் தொகுப்பை ஒரே முறை, ஆனால் விடை விளக்கங்களை ஒரு வரி விடாமல் படித்து முடிப்பது, ஐந்து புத்தகங்களைப் புரட்டுவதைவிட மேல். நம் மாணவர்கள் மருந்தியலிலும் நோய்க்கூறு இயலிலும் அதிகம் இழப்பதில்லை. அவர்கள் வழுக்குவது மருத்துவ அறம், நோயாளியோடு பேசும் முறை, புள்ளியியல் ஆகிய கேள்விகளில். "அப்பாவுக்குக் கேன்சர் என்று சொல்லிவிடாதீர்கள் டாக்டர்" என்று மகன் கேட்டுக்கொண்டால் நம் வார்டில் தலையாட்டிவிடுகிறோம். அமெரிக்காவில் தகவல் நோயாளிக்கு உரியது. அவருக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அவரிடமே கேட்க வேண்டும். இதை விடைக்காக மனப்பாடம் செய்யாமல் அதன் நியாயத்தைப் புரிந்துகொண்டு படியுங்கள். நாளை நீங்கள் நடந்துகொள்ள வேண்டிய முறையும் அதுதான்.

நோயாளியாக நடிப்பவரைப் பரிசோதித்துக் காட்டும் ஸ்டெப் 2 சிஎஸ் தேர்வு 2020-இல் நின்று 2021 ஜனவரியில் முற்றிலும் கைவிடப்பட்டது. அதன் இடத்தில் இப்போது இசிஎஃப்எம்ஜியின் 'பாத்வே' முறையும், மருத்துவர்களுக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வும் இருக்கின்றன. ஆங்கில வழியில் படித்தவர்கள் ஓஇடியை அலட்சியம் செய்வதைப் பார்க்கிறேன். அதன் எழுத்துப் பகுதியில் கேட்பது பெரும்பாலும் ஒரு நோயாளியை இன்னொரு மருத்துவரிடம் அனுப்பும் கடிதம்: எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரிந்து சுருக்கமாக எழுத வேண்டும். நான்கு வாரமாவது பழகுங்கள்.

4. 'ரீகால்' கேள்விகளைத் தொடாதீர்கள்.

தேர்வு எழுதியவர்கள் நினைவில் வைத்துச் சொன்ன கேள்விகளைத் தொகுத்து விற்கும் குழுக்கள் இருக்கின்றன. 2024 ஜனவரியில், ஸ்டெப் தேர்வுகளை நடத்தும் யூஎஸ்எம்எல்இ நிர்வாகம் நேபாளத்தோடு தொடர்புடைய பல தேர்வர்களின் மதிப்பெண்களை, முன்கூட்டியே கேள்விகள் தெரிந்திருந்ததற்கான அறிகுறிகள் உள்ளன என்று சொல்லி ரத்து செய்தது. வழக்கும் நடந்தது. நண்பர் அனுப்பினார் என்று ஒரு கோப்பைத் திறந்து பார்ப்பதுகூட உங்கள் பத்தாண்டு உழைப்பைப் பணயம் வைப்பது.

5. கல்லூரி அலுவலகத்துக்கு நேரில் போங்கள்.

உங்கள் பட்டம் உண்மையானது என்று நீங்கள் சொன்னால் போதாது, கல்லூரியே இசிஎஃப்எம்ஜிக்கு இணையவழியில் உறுதிசெய்ய வேண்டும். அதோடு மதிப்பெண் பட்டியல், டீன் கையெழுத்திடும் எம்எஸ்பிஇ கடிதம். இந்த வேலையைப் பார்க்கும் எழுத்தருக்கு இதுபோல நூறு வேலைகள். பொறுமையாக, மரியாதையோடு, எந்தத் தளத்தில் எதைச் சொடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனால் ஒரு வாரத்தில் முடியும். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் மாதங்கள் போகும்.

6. உங்கள் ஊர் வார்டை மறைக்காதீர்கள்.

இதை நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் பட்டதாரிகளின் கோப்புகளில் அமெரிக்காவில் பார்வையாளராக நின்ற நான்கு வாரம் அரைப்பக்கம் இருக்கும். அரசு மருத்துவமனையில் ஓராண்டு இரவும் பகலும் வேலை பார்த்த ஹவுஸ் சர்ஜன் காலம் ஒரே வரியில் முடிந்துவிடும். 'கட்டாயச் சுழற்சிப் பயிற்சி, 12 மாதம்' என்று. படிப்பவருக்கு அதிலிருந்து என்ன தெரியும்?

பூச்சிமருந்து குடித்து வந்தவருக்கு இரவெல்லாம் பக்கத்தில் நின்று அட்ரோபின் அளவைக் கூட்டிக் குறைத்திருக்கிறீர்கள். காய்ச்சல் குறையாத பெண்ணின் உடலில் கறுப்புப் பொருக்கைத் தேடிக் கண்டுபிடித்து, ஸ்க்ரப் டைபஸ் என்று சொல்லி, டாக்ஸிசைக்ளின் தொடங்க வைத்திருக்கிறீர்கள். டெங்கு பருவத்தில் ஒரு வார்டு முழுக்க ஹீமட்டோக்ரிட் பார்த்துப் பார்த்து டிரிப் வேகத்தை மாற்றியிருக்கிறீர்கள். பாம்புக் கடியில் ரத்தம் உறைகிறதா என்று கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் காத்திருந்து பார்த்திருக்கிறீர்கள். ருமாட்டிக் இதய நோயின் முணுமுணுப்பை ஸ்டெதஸ்கோப்பில் கேட்டே கண்டுகொண்டிருக்கிறீர்கள். அமெரிக்க மாணவர் இவற்றில் பலவற்றைப் புத்தகத்தில் மட்டுமே படித்திருப்பார்.

ஈராஸ் விண்ணப்பத்தில் பத்து அனுபவங்கள் வரை எழுதலாம், அவற்றில் மூன்றை மிக முக்கியமானவை என்று குறித்து விரிவாகச் சொல்லலாம். அந்த மூன்றில் ஒன்றாவது உங்கள் சொந்த மருத்துவமனையாக இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் என்ன, அங்கே நாளொன்றுக்கு எத்தனை பேர் வருவார்கள், உங்களுக்கு மேலே யார் இருந்தார், எந்த முடிவை நீங்களே எடுக்க வேண்டியிருந்தது என்பதை எதுவும் தெரியாத ஒருவருக்கு விளங்கும்படி எழுதுங்கள். ஹவுஸ் சர்ஜன் பயிற்சியைக் குறிக்கும் 'சிஆர்ஆர்ஐ' என்ற சுருக்கப்பெயர் அங்கே யாருக்கும் புரியாது.

கூட்டிச் சொல்லாதீர்கள். உதவியாக நின்ற பிரசவத்தை நீங்களே பார்த்ததாக எழுதினால், நேர்காணலில் மகப்பேறு தெரிந்த ஒருவர் இரண்டே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார். கோப்பில் உள்ள ஒவ்வொரு வரியும் கேள்வியாகத் திரும்பி வரக்கூடியது.

7. அமெரிக்க அனுபவம் வேண்டும், ஆனால் கடையில் வாங்காதீர்கள்.

அங்குள்ள மருத்துவர்கள் எழுதும் கடிதங்களைப் புரோகிராம்கள் எதிர்பார்ப்பது உண்மை. உங்களை அந்தச் சூழலில் பார்த்த ஒருவர் வேண்டும் என்பதுதான் காரணம். மாணவராக இருக்கும்போதே எலக்டிவ் கிடைத்தால் அதுவே சிறந்தது, நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கலாம். பட்டம் வாங்கிய பிறகு பெரும்பாலும் அப்சர்வர்ஷிப்தான், பக்கத்தில் நின்று பார்க்கலாம், அவ்வளவே. அதிலும் கேஸ் சொல்ல விடும் இடம், காலை அறிக்கைக் கூட்டத்தில் உட்கார வைக்கும் இடம், ரெசிடென்டுகள் பயிற்சி பெறும் மருத்துவமனை என்று தேடுங்கள். உங்கள் கல்லூரியில் படித்துப்போன சீனியர்களுக்கு எழுதுங்கள். பத்துப் பேருக்கு எழுதினால் ஒருவர் பதில் போடுவார், அந்த ஒருவர் போதும்.

பணம் வாங்கிக்கொண்டு யாரோ ஒருவரின் தனிக் கிளினிக்கில் நிறுத்திவைத்து, எல்லோருக்கும் ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றித் தரும் தரகர்கள் பெருகிவிட்டார்கள். ஆய்வுக் கட்டுரையில் ஆசிரியர் பெயரை விலைக்கு விற்பவர்களும் உண்டு. தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் ஒரே வாசகங்களைப் பருவத்துக்குப் பருவம் படிக்கிறார்கள், அடையாளம் தெரிந்துவிடும். நீங்கள் உட்கார்ந்து எழுதிய ஒரே ஒரு கேஸ் ரிப்போர்ட், பெயர் மட்டும் உள்ள பத்துக் கட்டுரைகளைவிட நேர்காணலில் உங்களுக்குப் பேச்சைத் தரும்.

8. பரிந்துரைக் கடிதத்தை நீங்களே எழுதாதீர்கள்.

"நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்." நம் பேராசிரியர்களில் பலர் இப்படித்தான் சொல்வார்கள். அவர்களுக்கு நேரமில்லை, உங்கள் மேல் அன்பும் உண்டு. ஆனாலும் அதைச் செய்யாதீர்கள். தன்னைப் பற்றித் தானே எழுதும்போது எல்லோரும் ஒரே சொற்களைத்தான் போடுகிறார்கள்: கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், நோயாளிகளிடம் கனிவானவர். அது நேர்மையும் அல்ல.

அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். ஒரு தாளில் அவரிடம் எந்த மாதங்கள் வேலை பார்த்தீர்கள், எந்த மூன்று நோயாளிகளைச் சேர்ந்து பார்த்தீர்கள், அவர் உங்களைத் திருத்திய சந்தர்ப்பம் எது, பிறகு எப்படி மாறினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். "சார், நீங்கள் பார்த்ததை நீங்களே நாலு பத்தி எழுதினால் போதும்" என்று சொல்லுங்கள். பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். இரவு டியூட்டியில் ஒரு நாள் நீங்கள் கூப்பிட்டதால் உயிர் பிழைத்த ஒருவரைப் பற்றி உங்கள் யூனிட் சீஃப் எளிய ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியிருந்தால், அதை நாங்கள் குழுவில் சத்தமாக வாசிப்போம்.

ஒரு புரோகிராமுக்கு நான்கு கடிதங்கள் வரை அனுப்பலாம். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் குறியிடுங்கள், இல்லையென்றால் கடிதத்துக்கு மதிப்புக் குறையும். எழுதியவரே தளத்தில் ஏற்ற வேண்டும் என்பதால் ஜூன் மாதமே கேளுங்கள், ஆகஸ்டில் ஒருமுறை நினைவுபடுத்துங்கள்.

9. பெர்சனல் ஸ்டேட்மென்ட் ஒரு பக்கம்.

பாட்டி நோயில் இறந்ததால் மருத்துவரானேன் என்று தொடங்கும் கட்டுரைகள் ஒவ்வொரு பருவமும் கட்டுக்கட்டாக வருகின்றன. பாட்டியை நீங்கள் நேசித்தது உண்மையாக இருக்கலாம், ஆனால் ஐம்பதாவது பாட்டியை வாசிப்பவருக்கு உங்கள் முகம் தெரியாது. இந்தத் துறையை ஏன் தேர்ந்தீர்கள், அதற்கு உங்கள் வேலையில் என்ன சான்று இருக்கிறது, படிப்பில் இடைவெளி இருந்தால் அப்போது என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். தங்கையின் கல்யாணத்துக்காக, அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக ஓராண்டு நின்றிருந்தால் அதை இரண்டு வரியில் நேராகச் சொல்லலாம், யாரும் குறையாக எடுக்கமாட்டார்கள். பணத்துக்கு எழுதித் தருபவரிடமோ எழுதும் இயந்திரத்திடமோ முழுதாக ஒப்படைக்காதீர்கள். கட்டுரையின் ஆங்கிலமும் நேர்காணலின் ஆங்கிலமும் வேறுவேறு மனிதர்களுடையதாக இருந்தால் சந்தேகம் வந்துவிடும்.

10. எத்தனை புரோகிராம் என்பதைவிட எந்தப் புரோகிராம் என்று பாருங்கள்.

சமீபத்திய பருவங்களில் ஈராஸ் கட்டணம் ஒரு துறையில் முதல் 30 புரோகிராம்களுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் தலா 30 டாலர். நூறு புரோகிராம்களுக்குப் போட்டால் 2,430 டாலர். அதற்கு முன்பே ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஆயிரம் டாலர் அளவில் கட்டியிருப்பீர்கள். ஓய்வுபெற்ற அப்பாவின் சேமநலப் பணம் இது என்பதை நினைத்துக்கொண்டு பட்டியல் போடுங்கள்.

ஒவ்வொரு புரோகிராமின் தளத்திலும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். விசா தருகிறார்களா, எந்த விசா? பட்டம் பெற்று எத்தனை ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும்? இப்போதுள்ள ரெசிடென்டுகளில் வெளிநாட்டில் படித்தவர்கள் எத்தனை பேர்? மூன்றாவதில் ஒருவர்கூட இல்லையென்றால் உங்கள் முப்பது டாலரை அங்கே போடாதீர்கள். நியூயார்க், நியூஜெர்சி, மிச்சிகன், பென்சில்வேனியா, இல்லினாய் மாநிலங்களின் சமூக மருத்துவமனைகள் பல ஆண்டுகளாக நம்மவர்களை எடுத்துவருகின்றன. இப்போது 'சிக்னல்' என்ற முறையும் உண்டு: உங்களுக்கு மிக விருப்பமான சில புரோகிராம்களுக்கு மட்டும் அந்த விருப்பத்தைத் தெரிவிக்கலாம். எட்டாத பெரிய பெயர்களுக்கே எல்லா சிக்னல்களையும் செலவழிக்காதீர்கள்.

துறையைப் பொறுத்தவரை, இன்டர்னல் மெடிசின், குழந்தை மருத்துவம், குடும்ப மருத்துவம், மனநல மருத்துவம், நரம்பியல், பெத்தாலஜி ஆகியவற்றில் வெளிநாட்டவருக்கு வாய்ப்பு அதிகம். தோல், எலும்பு அறுவை, பிளாஸ்டிக் சர்ஜரி மிகக் கடினம். 'பிரிலிமினரி' என்று ஓராண்டு மட்டும் உள்ள இடத்தை முழுப் பயிற்சி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஓராண்டு முடிந்ததும் கையில் எதுவும் இல்லாமல் நிற்க நேரிடலாம், விசாவும் சிக்கலாகும்.

11. நேர்காணலில் அடக்கம் வேறு, மௌனம் வேறு.

2020-க்குப் பிறகு பெரும்பாலும் திரைவழி நேர்காணல்தான். கிழக்குக் கடற்கரையில் காலை 9 மணி என்றால் அக்டோபரில் நமக்கு மாலை 6.30; நவம்பர் தொடக்கத்தில் அங்கே கடிகாரம் மாறியதும் இரவு 7.30. இந்த ஒரு மணி நேரத்தில் ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். மின்வெட்டு வராத, இணையம் அறுந்துபோகாத ஓர் இடத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

நம் வளர்ப்பில் தன்னைப் பற்றிப் பேசுவது கூச்சம். "நான் செய்தேன்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "எங்கள் யூனிட்டில் செய்தோம்" என்போம். கேட்பவருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தெரிய வேண்டும். உண்மையை ஒருமையில் சொல்வது தற்பெருமை ஆகாது. "உடன் வேலை செய்பவரோடு கருத்து வேறுபாடு வந்த சம்பவம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்றால், அப்படி எதுவும் வந்ததே இல்லை என்று சொல்லாதீர்கள். மேலே உள்ளவரிடம் ஒரு தவறைச் சுட்டிக்காட்டும் துணிவு உங்களிடம் உண்டா என்பதைத்தான் அதில் பார்க்கிறார்கள், ஏனென்றால் நோயாளியின் பாதுகாப்பு அதில் இருக்கிறது. அமெரிக்க உச்சரிப்பை வரவழைத்துக்கொள்ள வேண்டாம். சற்று நிதானமாகப் பேசினால் போதும்.

12. வரிசைப் பட்டியலில் கணக்குப் போடாதீர்கள்.

மேட்ச் 1952-இல் தொடங்கியது. ஆல்வின் ராத் சீரமைத்த இப்போதைய கணினி முறையை 1998 முதல் பயன்படுத்துகிறார்கள். அவரும், இந்த முறையின் கணித அடிப்படையை வகுத்தவர்களில் ஒருவரான லாயிட் ஷாப்லியும் 2012-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்கள். கணினி உங்கள் பட்டியலின் முதல் இடத்திலிருந்து தொடங்கும். அந்தப் புரோகிராம் உங்களைவிட விரும்பும் ஆட்களால் நிரம்பியிருந்தால் மட்டுமே உங்களுடைய இரண்டாவது இடத்துக்கு நகரும். முதலிடத்தில் எட்டாக்கனியை வைத்ததால் இரண்டாவது இடம் பறிபோகாது. ஆகவே உண்மையான விருப்பத்தின்படி வரிசைப்படுத்துங்கள், யார் நம்மை எடுப்பார்கள் என்று ஊகிக்க வேண்டாம். உங்கள் பட்டியலைப் புரோகிராம்கள் பார்க்க முடியாது, எப்படி வரிசைப்படுத்துவீர்கள் என்று கேட்கவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து போடுவதானால் இருவர் பட்டியலையும் இணைக்க வழி உண்டு. மேட்ச் முடிவு இருதரப்பையும் கட்டுப்படுத்தும். போக மனமில்லாத இடத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

13. விசா வேலையை மார்ச்சைத் தாண்டித் தள்ளிப்போடாதீர்கள்.

வழக்கமான வழி ஜே-1. அதற்கு மருத்துவர்களுக்கு ஸ்பான்சராக நிற்பது இசிஎஃப்எம்ஜி. இந்தியப் பட்டதாரிகள் புது டெல்லியில் உள்ள மத்திய சுகாதார அமைச்சகத்திடமிருந்து ஒரு தேவைச் சான்று பெற வேண்டும். பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அதிலிருந்து விலக்கு வேண்டுமென்றால், மருத்துவர் பற்றாக்குறையான பகுதியில் மூன்றாண்டு வேலை செய்யும் கான்ராட் திட்டம் 1994 முதல் இருக்கிறது, மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடம். அந்த மூன்றாண்டைத் தண்டனையாக நினைக்காதீர்கள். நூறு மைலுக்கு ஒரே மருத்துவராக இருக்கும் ஊரில் உங்களுக்குக் கிடைக்கும் மதிப்பும் கற்றலும் பெருநகரத்தில் கிடைக்காது. ஊர் திரும்பி இரண்டாண்டு வேலை பார்ப்பதும் அதே அளவுக்கு நல்ல முடிவு. அமெரிக்காவில் கற்றது நம் ஊரில் தேவைப்படுகிறது.

எச்-1பி வேண்டுமென்றால் ஸ்டெப் 3 தேறியிருக்க வேண்டும், அதை அமெரிக்க மண்ணில்தான் எழுத முடியும், இரண்டு நாள் தேர்வு. 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து வரும் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்ட பிறகு அதை நம்பியே திட்டமிடுவது சரியல்ல என்பது என் கருத்து. அதே ஆண்டு மே கடைசியில் அமெரிக்கத் தூதரகங்கள் ஜே-1 உள்ளிட்ட விசாக்களுக்குப் புதிய நேர்காணல் நாள் தருவதை நிறுத்தி, ஜூனில்தான் மறுபடி தொடங்கின. ஜூலையில் வேலையில் சேர வேண்டிய பலர் அந்த வாரங்களில் தூக்கமில்லாமல் இருந்தார்கள். மேட்ச் முடிவு வந்த வாரத்திலேயே விண்ணப்பத் தாள்களைத் தயார்செய்து, கிடைக்கும் முதல் நாளைப் பிடித்துவிட வேண்டும்.

14. இடம் கிடைக்காத பருவத்துக்கும் திட்டம் இருக்கட்டும்.

2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் நூற்றுக்கு 58 பேர் அளவில்தான் முதலாண்டு இடம் பெற்றார்கள். அமெரிக்க எம்டி மாணவர்களில் 93 பேர் அளவில். மேட்ச் வாரத் திங்கட்கிழமை இடமில்லை என்று தெரிந்தால், மீதமுள்ள இடங்களுக்கு 'சோப்' வழியாக 45 விண்ணப்பங்கள் வரை போடலாம். அந்த நாட்களில் நீங்களாகப் புரோகிராம்களைத் தொடர்புகொள்ளக் கூடாது, அது விதிமீறல். சிலருக்கு அதில் கிடைக்கிறது, பலருக்குக் கிடைப்பதில்லை.

கிடைக்கவில்லையென்றால் அறைக்குள் அடைந்துகொண்டு அடுத்த செப்டம்பரை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அடுத்த மாதமே ஊரில் ஒரு மருத்துவமனையில் டியூட்டி டாக்டராகச் சேருங்கள். நோயாளிகளைப் பார்க்காத ஓராண்டு, குறைந்த மதிப்பெண்ணைவிட அதிகமாக உறுத்தும். நேர்காணலே வரவில்லையென்றால் குறை கோப்பில். நேர்காணல் வந்தும் இடம் வரவில்லையென்றால் பேச்சில் அல்லது பட்டியலின் நீளத்தில். எது என்று கண்டுபிடித்து அதை மாற்றுங்கள், ஒரு வரியும் மாறாத கோப்பை மறுபடி அனுப்பாதீர்கள். நீட் பிஜி எழுதும் வழியையும் மூடிவிடாதீர்கள். நம் ஊரில் எம்டி முடித்துவிட்டுப் பிறகு இந்தப் பக்கம் வந்தவர்களும், வர வேண்டாம் என்று முடிவுசெய்து நன்றாக இருப்பவர்களும் எனக்குத் தெரியும்.

முதல் தேர்வுக்குப் பணம் கட்டும் முன்பே அம்மா அப்பாவோடு உட்கார்ந்து இந்த 58 என்ற எண்ணைச் சொல்லுங்கள். எத்தனை பருவம் முயல்வீர்கள், அதிகபட்சம் எவ்வளவு செலவு, கடன் என்றால் யார் பெயரில், எந்த வயதில் நிறுத்திக்கொள்வீர்கள் என்று அன்றைக்கே பேசி ஒரு தாளில் எழுதி வையுங்கள். தோல்வி வந்த வாரத்தில் அழுகைக்கு நடுவே அந்த முடிவை எடுக்கும் நிலைமைக்கு வீட்டைத் தள்ளாதீர்கள்.